வெள்ளிக்கிழமை ஏழரை மணிக் கிரைண்டர்

ஆயுதபூஜை அன்று, கம்பெனியில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு கேசவன் வீட்டுக்கு வந்தபோது, அவனுடைய பதினொரு மாத உழைப்பு நாற்பத்து மூன்று வயர்களாகச் சுருட்டப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, தாம்பாளத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்தில் மாமியார் அம்புஜம் பாராட்டை எதிர்பார்த்து நின்றிருந்தார். பூஜைக்கென்று மேட்டுப்பாளையத்திலிருந்து காலையிலேயே வந்தவர்.

"எல்லாத்தையும் பிரிச்சுத் தொடைச்சுப்போட்டேனுங்க மாப்பிள்ளை. வயரு ஒண்ணுமேல ஒண்ணு சிக்கிக் கெடந்துது. இப்பப் பாருங்க, எத்தனை லட்சணமா இருக்குது."

"நல்லா இருக்குதுங்க அத்தை," என்றான் கேசவன். மனைவி செத்த பிறகு அவனுக்குப் புதிதாக வந்த ஒரே திறமை, எதற்கும் முகம் மாறாமல் இருப்பது.

"திருகுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சிருக்கறேன். ஒண்ணு விடலீங்க. அறுபத்தெட்டு இருந்துது."

"எழுபதுங்க."

"ரெண்டு கழண்டு வந்துருச்சுங்க. சன்னல்ல வச்சிருக்கறேன்."

அது என்னவென்று அம்புஜத்துக்குத் தெரியாது. கணபதிப் பகுதியில் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. மாடுலர் சிந்தசைசர் என்று அதற்குப் பெயர். பம்பு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிகள் பதினான்கை வாங்கி, உள்ளேயிருந்ததை எடுத்துவிட்டு, கேசவன் தானே கட்டியது. ஒரு பெட்டி ஒலியைப் பிறப்பிக்கும். ஒரு பெட்டி அதை வடிகட்டும். இன்னொன்று கூட்டிக் குறைக்கும். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு வயர் போகிறது, எந்தத் திருகு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் சங்கதி. வயரைப் பிடுங்கினால் சங்கதி போயிற்று.

கல்யாணமான புதிதில் அதில் இசை அமைத்தான். புவனா உட்கார்ந்து முழுதாகக் கேட்டாள். "பம்புக்கு வயித்துவலி வந்தாப்பல இருக்குதுங்க," என்றாள். மறுநாளிலிருந்து அவளைக் கேட்கச் சொல்லவில்லை.

மூன்று வருடம் இருந்தாள். பிறகு ஒன்பது நாள் காய்ச்சல்.

அவள் போன பிறகு கேசவன் இசை அமைப்பதை விட்டுவிட்டான். பதினான்கு பெட்டியையும் வைத்து ஒரே ஒரு ஒலியைத்தான் உண்டாக்கப் பார்த்தான். வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிக்குப் புவனா கிரைண்டரில் மாவாட்டுகிற ஒலி.

காரணம் எளிது. அந்த அரை மணி நேரம் அவன் முன்னறையில் சால்டரிங் அயனோடு உட்கார்ந்திருப்பான். சமையலறையில் கிரைண்டர் ஓடும். கல் சுற்றும் உறுமல், பெல்ட்டின் முனகல், மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெண்கலப் பானையைத் தட்டியதுபோல் ஒரு 'டொக்'. அந்தச் சத்தம் இருக்கும்வரை அவள் உள்ளே இருக்கிறாள் என்று பொருள். திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. இப்போது திரும்பிப் பார்த்தாலும் பயனில்லை. சத்தமாவது வேண்டும் என்று நினைத்தான்.

கிரைண்டரைப் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தான். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, ஆட்டி, பக்கத்தில் நின்று கேட்டான். 'டொக்' வரவில்லை. பெல்ட்டை மாற்றினான். வரவில்லை. கல் தேய்ந்திருக்கும் என்று ஆள் வைத்துக் கொத்தினான். முனகலும் போயிற்று. போதாததற்கு, புவனா அரை மணியில் முடித்த மாவுக்கு அவனுக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அவள் கெட்டிக்காரி, தனக்குக் கை வராது என்று கிரைண்டருக்குள் சின்ன வெங்காயத்தைக் கொட்டி மூடிவைத்தான்.

ஆகவே ஒலியைச் செயற்கையாக உண்டாக்குவது என்று முடிவு. இந்த விஷயத்தில் அவனுக்குத் தன்மேல் நம்பிக்கை அதிகம். வேலையே காதுதான். பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவு. ஓடும் மோட்டாரின் மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, பேரிங் நன்றாக இருக்கிறதா என்று சொல்வான். தவறியதில்லை. வீட்டில் டிவி வாங்காததும் அந்தக் காதினால்தான். டிவிப் பெட்டிக்குள்ளிருந்து பதினைந்தாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸில் ஒரு கீச்சொலி வரும், சாதாரணக் காதுக்கு அது கேட்காது, எனக்குக் கேட்கும் என்று புவனாவிடம் விளக்கினான். அவள் ஒருமுறைதான் டிவி கேட்டாள். மறுமுறை கேட்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தான்.

நாக்கும் அப்படித்தான். கடை மாவு இட்லியை நாக்கு நுனியில் வைத்தாலே கண்டுபிடித்துவிடுவேன் என்று கல்யாணமான முதல் வாரமே அறிவித்திருந்தான்.

ஆயுதபூஜைக்குப் பிறகு பத்து நாள் வயர்களை மறுபடி மாட்டினான். நினைவில் இருந்தது முப்பது வயர். மிச்சம் பதின்மூன்றும் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்கும் தெரியவில்லை. அதிலும், ஏழரை மணிக்குத் தெருவே விளக்குப் போட்டு வோல்டேஜ் இறங்கும். பெட்டிகளின் சுருதியும் சேர்ந்து இறங்கும். திருகுகளுக்குள் குங்குமம் இறங்கி, தொட்டால் கரகரவென்றது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கரகரப்பு மட்டும் அச்சு அசலாகக் கல்லில் உரசுகிற சத்தம்போல் இருந்தது.

விஷயத்தைக் கம்பெனி கேண்டீனில் மதன்குமாரிடம் சொன்னான். மதன்குமார் கம்ப்யூட்டர் பிரிவு. கேசவனைவிட ஐந்து வயது இளையவன்.

"ஏனுங்கண்ணா, இன்னும் வயரைப் புடிச்சுத் தொங்கீட்டு இருக்கறீங்க. கம்ப்யூட்டர்லயே பெட்டி வரையலாமுங்க. ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கோடு இழுத்தா, அதுதான் வயரு. புரோகிராமெல்லாம் எழுத வேண்டாம். படம் வரையத் தெரிஞ்சாப் போதும்."

"சத்தம் வருமா?"

"நெசமான சத்தம் வருமுங்க. பெட்டி பத்தலீன்னா காப்பி எடுத்துக்கலாம். நீங்க ஆஸிலேட்டர்னு இன்னொரு சத்தப் பெட்டி வேணும்னா ஒரு மாசம் சால்டர் வைக்கோணும்."

"வோல்டேஜ் இறங்கினா?"

"சுருதி நூறுன்னு போட்டா நூறுதானுங்க. கரண்ட் போச்சுன்னாலும் யுபிஎஸ்ல ஓடும்."

கேசவன் டீயை ஆற்றினான். "யாராவது பிரிச்சுத் தொடைச்சுட்டா?"

"மானிட்டரைத் தொடைக்கலாமுங்க. உள்ள ஒண்ணும் ஆகாது."

அந்த வாக்கியத்துக்காகவே கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை யுபிஎஸ்ஸோடு வாங்கினான். மென்பொருளை மதன்குமார் பிரவுசிங் சென்டரிலிருந்து ஐந்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்து கொடுத்தான்.

முதல் நாளே ஒலி வந்தது. சுத்தமான ஒலி. ஆஸ்பத்திரித் தரைபோல் அவ்வளவு சுத்தம். எந்தக் கிரைண்டரும் அப்படி ஓடாது. ஸ்டார்ட்டர் பெட்டிகளில் குறையெல்லாம் இலவசமாக வந்தது. இங்கே ஒவ்வொரு குறையையும் உட்கார்ந்து வரைய வேண்டியிருந்தது. வோல்டேஜ் இறங்குவதற்கு ஒரு பெட்டி. பெல்ட் வழுக்குவதற்கு ஒரு பெட்டி. அரிசிக்கு ஒன்று, உளுந்துக்கு ஒன்று. மாமியார் செய்த கரகரப்புக்காக ஒரு பெட்டி வரைந்து 'குங்குமம்' என்று பெயர் வைத்தான். ஒரு மாதத்தில் திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி. கோடுகள் இடியாப்பம்போல் கிடந்தன. ஒரு வித்தியாசம், இந்த இடியாப்பத்தை யாரும் பிரிக்க முடியாது.

எல்லாம் வந்தது. 'டொக்' மட்டும் அமுங்கியது. வரைந்திருந்தான், தனியாகக் கேட்டால் கணீரென்று இருந்தது. மற்றதோடு சேர்ந்ததும் மெத்தையில் தட்டியதுபோல் ஆனது. சின்ன அறையில் சின்ன ஸ்பீக்கர், அதுதான் கோளாறு என்று கண்டுபிடித்தான். பெரிய ஸ்பீக்கர் ஒன்றைச் சமையலறையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்து, வயரை முன்னறைக்கு இழுத்து, ஒரு வெள்ளிக்கிழமை ஏழரைக்கு முழு ஒலியில் போட்டான்.

'டொக்' அப்போதும் அமுங்கித்தான் இருந்தது. ஆனால் தெரு முழுக்கக் கேட்டது.

பத்து நிமிடத்தில் எதிர்வீட்டு நஞ்சம்மாள் கேட்டில் நின்றாள்.

"ஏனுங் தம்பி, மாவாட்றீங்களாட்ட இருக்குது."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். கேசவன் சுருக்கமாகப் பேசுகிறவன்.

"ஆமாங்க."

"நல்லதாப் போச்சு. ஒரு கிண்ணம் குடுங்க. ஊட்டுக்கு விருந்தாடி வந்துட்டாங்க. ஆட்டி முடிச்சதும் வாங்கிக்கறேன்."

கேசவன் உள்ளே போய், புவனாவின் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கினான். பின்சந்தில் பழனியாத்தாள் என்று ஒருத்தி மாவு ஆட்டி விற்பது அவனுக்குத் தெரியும். கடை மாவு என்பதால் அந்தப் பக்கம் போனதில்லை. அவள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கீச்சொலி காதைக் குத்தியது. நாலடி தள்ளியே நின்று போசியை நீட்டினான்.

பழனியாத்தாள் போசியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் டிவியை நிறுத்திவிட்டு வந்தாள்.

"கரண்டி போட்டு அளக்க வேண்டீதில்லீங்க தம்பி. இந்தப் போசி ஆறு கரண்டி புடிக்கும்."

கண்ணாலேயே அளக்கிறாளே, தொழில்காரி என்று நினைத்தான்.

மறுநாள் நஞ்சம்மாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "என்ன தம்பி இது, அப்படியே புவனா கைப்பக்குவம். ஆம்பள கைக்கு இந்த மாவு வருங்களா." மிச்சமிருந்த மாவில் கேசவனும் இட்லி ஊற்றித் தின்றான். அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. துக்கத்தில் நாக்கும் ஏமாறும் என்று முடிவு செய்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்குக் கேட்டில் மூன்று கிண்ணங்கள் நின்றன. சத்தத்தை ஓடவிட்டுவிட்டுப் பின்சந்துக்கு ஓடினான். திரும்பி வரும்போது, குப்பை கொட்ட வந்த நஞ்சம்மாள் அவனைச் சந்து முனையில் பார்த்துவிட்டாள். அவனைப் பார்த்தாள். வீட்டுப் பக்கம் காதைத் திருப்பினாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

தம்பி சந்தில் நிற்கிறார். வீட்டுக்குள் கிரைண்டர் ஓடுகிறது. அப்படியானால் ஆட்டுவது யார்?

இந்தக் கேள்வி அன்றைக்கே டெலிபோன் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அம்புஜம் வந்து இறங்கினார். வழக்கமாகக் கொண்டுவரும் காய்கறிப் பை இல்லை. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒத்தாசைக்கு நஞ்சம்மாளும் வந்து உட்கார்ந்தாள். கையில் கிண்ணம் இருந்தது. சாட்சியாக வந்தாலும் மாவை விடுவதாக இல்லை.

இன்று சத்தம் போடாமல் விட்டுவிடலாம் என்று கேசவன் யோசித்தான். விட்டால், மாமியார் வருவது தெரிந்து, உள்ளே வைத்திருந்தவளை அனுப்பிவிட்டான் என்பார்கள். ஏழரைக்குப் போட்டான். மணி பார்ப்பதுபோல் அறை ஓரத்துக் கம்ப்யூட்டர் மேசைக்குப் போய்விட்டு வந்தான்.

அம்புஜம் கொஞ்ச நேரம் கேட்டார்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு இன்னொரு கண்ணாலம் பண்ணோணும்னு நானே சொல்லலாம்னுதான் இருந்தனுங்க. எம்புள்ளைக்குக் குடுத்து வைக்கலை. உங்களுக்கு வயசிருக்குது. ஆனா சொல்லாம கொள்ளாம ஒருத்தியக் கொண்டாந்து சமையக்கட்டுல வச்சிருக்கறது..."

"யாருமில்லீங்க அத்தை."

"அப்ப உள்ள ஆட்டறது யாருங்க?"

"யாருமில்லீங்க."

அப்போது கரண்ட் போயிற்று.

விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றது. தெருவில் அத்தனை வீட்டு மிக்ஸியும் ரேடியோவும் ஒரே மூச்சில் வாயை மூடின. கேசவனின் சமையலறையில் கிரைண்டர் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பி," என்றாள் நஞ்சம்மாள், இருட்டில்.

"சொல்லுங்க."

"கரண்ட் இல்லீங்களே."

"ஆமாங்க."

"கிரைண்டர் ஓடுதுங்களே."

"ஆமாங்க."

நஞ்சம்மாள் தாலிக்கொடியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குரலை மிகவும் தாழ்த்திக் கேட்டாள். "புவனா அம்மணியா வந்திருக்குது?"

அம்புஜம் எழுந்தார். பேயானாலும் பெண்ணானாலும் அவருக்குப் பார்க்க வேண்டும். டார்ச்சை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கிரைண்டரின் மூடியைத் தூக்கினார். சின்ன வெங்காயம் முளைவிட்டிருந்தது. பக்கத்தில் ஸ்பீக்கர் மாவாட்டிக்கொண்டிருந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே நடந்து, முன்னறையின் ஓரத்தில் மின்னுகிற திரைக்கு வந்து சேர்ந்தார்.

"என்னங்க மாப்பிள்ளை இது?"

இதற்குமேல் சுருக்கமாகப் பேச வழியில்லை. கேசவன் சொன்னான். பெட்டி, கோடு, வெள்ளிக்கிழமை, ஏழரை மணி. "புவனா ஆட்டற சத்தமுங்க அத்தை. முழுசா வரலை. ஒரு 'டொக்' மட்டும் அமுங்குது."

அம்புஜம் திரையின் முன் உட்கார்ந்தார்.

"எம்புள்ள ஆட்டுச்சுங்களா?"

"ஒரு வாரம் தவறினதில்லீங்க. உள்ளகூட விடமாட்டா. ஆம்பள எட்டிப் பாத்தா மாவு பொங்காதுன்னு சொல்லுவா."

"எங்கூட்ல இருந்தப்ப அரிசி ஊறப்போடச் சொன்னா, மறந்துபோட்டு வந்து நிப்பா." அம்புஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இங்க வந்து மூணு வருசம் மாவாட்டியிருக்கறா. பெத்தவ எனக்குத் தெரியாமப் போச்சு."

நஞ்சம்மாளும் மூக்கை உறிஞ்சினாள். யுபிஎஸ் பீப் பீப் என்றது. பேட்டரி தீருகிறது என்று பொருள். கேசவன் அதை வெறித்துப் பார்த்தான். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது. இன்னும் ஐந்து நிமிடம் வரும்.

பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பழனியாத்தாள், மூடிபோட்ட பாத்திரத்தோடு.

"என்னங்க தம்பி, நேரமாச்சு, ஆளக் காணமேன்னு நானே கொண்டாந்தேன்," என்றவள் நின்றாள். தலையைச் சாய்த்துச் சமையலறைப் பக்கம் கேட்டாள். கரண்ட் இல்லாததோ, பெண்கள் இருவர் கண்ணில் தண்ணீரோடு திரைக்கு முன்னால் இருப்பதோ அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"இந்தச் சத்தம் தப்புங்களே."

கேசவனுக்குச் சுருக்கென்றது. பத்து வருடம் மோட்டார் கேட்ட காது. "எங்கீங்க தப்பு?"

"டொக்குன்னு ஒண்ணு வருமுங்க. அது அமுங்கிக் கெடக்குது."

கேசவன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். இரண்டு வருடத்தில் அந்த 'டொக்'கைப் பற்றித் தானாகச் சொன்ன முதல் ஆள்.

"அது எப்படிங்க வரும்?"

"உள்ள மாவு இருக்கறாப்பல கேக்குதுங்க, அதான். அரிசி கெடந்தாக் கல்லு மெத்துனு உருளும். எங்க தட்டறது? எதுவும் போடாம, வெறும் தண்ணியில ஓடுனாத்தான் டொக்குனு வரும். பாஞ்சு வருசமா இதே தொழிலுதானுங்க."

பீப் பீப் பீப்.

கேசவன் மேசைக்கு ஓடினான். திரையில் 'அரிசி' என்ற பெட்டியைத் தேடிப் பிடித்து அழித்தான். 'உளுந்து' பெட்டியை அழித்தான். அவற்றுக்குப் போன ஏழு கோடுகளும் தாமாகவே மறைந்தன.

டொக்.

வெண்கலப் பானையைத் தட்டியதுபோல் கணீரென்று வந்தது. மூன்று சுற்று. மறுபடி டொக். அடியில் உறுமல், நடுவில் முனகல், மேலே குங்குமம். அதே கிரைண்டர். அதே வெள்ளிக்கிழமை. கேசவன் திரையைப் பார்த்தபடியே நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை, அவள் உள்ளே இருந்தாள்.

அம்புஜம் வாய்விட்டே அழுதார். "அங்க நின்னு ஆட்டறாளே எம்புள்ள."

முகம் மாறாத திறமை கேசவனைக் கைவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பழனியாத்தாளைப் பார்த்துக் கேட்டான். "எங்கூட்டுச் சத்தம் உங்களுக்கு எப்படிங்க இத்தனை துல்லியமாத் தெரியும்?"

பழனியாத்தாள் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். அழுகிற அம்புஜத்தைப் பார்த்தாள், தூக்குப்போசியைப் பார்த்தாள், கொஞ்சம் தயங்கினாள்.

"வெள்ளிக்கெழம டிவியில பாட்டுப் போடறப்ப, அம்மணி கிரைண்டர்ல ஒரு சொம்புத் தண்ணிய ஊத்தி ஓட உட்டுப்போட்டு, போசியத் தூக்கீட்டு எங்கூட்டுக்கு வந்துருமுங்க, இந்தச் சத்தம் கேட்டா புவனா ஊட்ல இல்லீன்னு அர்த்தமுங்க தம்பி."